நான்காவது கயிறு

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். பாக்கியவதி அம்மா பள்ளிக்கூட டிரஸ்டுக்குக் கொடுக்க வேண்டியிருந்த கடன் அது. அவர் கை நீட்டி வாங்கியதில்லை. அவருடைய கணவர் வால்டர் திருடிவிட்டார் என்று சொல்லி அவர் தலையில் ஏற்றியது.

மாதம் நூறு ரூபாய் கணக்கு. 1991 ஜூனில் தொடங்கி இந்த 2004 மே வரைக்கும் நூற்று ஐம்பத்தாறு மாதம், சம்பளக் கவரைப் பிரிக்கும்போதெல்லாம் ஒரு நூறு ரூபாய்த் தாள் குறைந்தே இருந்தது. பதினைந்தாயிரத்து அறுநூறு கழிந்துவிட்டது. மீதி மூவாயிரத்து நாற்பது. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி அவருக்கு ஆயா வேலையிலிருந்து ஓய்வு. மீதியைக் கிராஜுவிட்டியில் பிடித்துக்கொள்கிறோம் என்று டிரஸ்டிலிருந்து கடிதம் வந்திருந்தது.

"மூவாயிரத்த எடுத்துக்கிடட்டும், அதுக்கு நான் வரல" என்றார் சாவித்ரி மேடத்திடம். "ஆனா கடன் அடைஞ்சு முடிஞ்சிட்டுன்னா அவிய திருடினது நெசம்னு ஆயிரும்லா? அதுக்கு முன்னால எனக்குத் தெரியணும்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். அவர் ஒரு கேஸை எடுத்துக்கொண்டார் என்பதற்கு அதுதான் அடையாளம். ஃபீஸ் பேசும் கேஸாக இருந்தால் பேனா திறந்தே இருக்கும்.

எங்கள் துப்பறியும் ஆபீஸ் புனே கசார்வாடியில், பழைய மும்பை ரோட்டை ஒட்டி ஒரு லேத்துப் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே மிஷின் ஓடினால் மேலே தண்ணீர் டம்ளர் தானாக நடக்கும். மேடம் தேஹு ரோடு ராணுவ டெப்போவில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர் லெட்ஜர் பார்த்தவர். ஒரு போல்ட் குறைந்தாலும் அது எங்கே போனது என்று தெரியாமல் தூங்க மாட்டார். அந்த வியாதியையே பிறகு தொழிலாக்கிக்கொண்டார். நான் பரமசிவம், கொத்து வேலையும் சுண்ணாம்பு வேலையும் பார்த்தவன். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு மேடத்திடம் சேர்ந்தேன். எங்களுக்கு வருவதில் பாதி கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா என்று கண்டுபிடிக்க நான் மாப்பிள்ளையோடு உட்கார்ந்து குடிக்க வேண்டியிருக்கும். கஷ்டமான வேலைதான், யாராவது செய்ய வேண்டுமே.

இரண்டு பேருமே தனிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை போக வர இடம் கிடையாது. அதனால் எங்கள் கேஸ்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் நகரும்.

பாக்கியவதி அம்மா சொன்னது இதுதான். வால்டர் அந்தப் பள்ளிக்கூடத்தில் பியூன். ஒரு ஏப்ரல் மாதச் சனிக்கிழமை பரீட்சை ஃபீஸ் முழுவதும் அவர் கையில் வசூலானது. பேங்க் பன்னிரண்டு மணிக்கே மூடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ரிப்பேர் வேலை நடந்துகொண்டிருந்ததால் ஆபீஸ் பீரோவைக் கதவு கழற்றி வராந்தாவில் போட்டிருந்தார்கள். பணத்தைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு வந்ததாக வீட்டில் சொன்னார். எந்த இடம் என்று இவர் கேட்டுக்கொள்ளவில்லை. மீன் குழம்பு அடுப்பில் இருந்ததாம்.

மறுநாள் காலை ஞாயிறு ஆராதனையில், கோயிலில் இரண்டாவது பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது வால்டர் எழவில்லை. பெஞ்சிலேயே சரிந்திருந்தார். ஆட்டோவில் தூக்கிப் போகும்போது, உயிர் போவதற்கு முன், கோணிய வாயால் சொன்னது ஒன்றே ஒன்று.

"பணம் இருக்கு. கயித்த இழுத்தா வந்துரும்."

டிரஸ்ட்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த வளாகத்தில் இருந்த கயிறுகளை எல்லாம் இழுத்துப் பார்த்தார்கள். கிணற்றுக் கயிறு, பள்ளிக்கூட மணிக் கயிறு, கொடிக்கம்பத்துக் கயிறு. கிணற்றை மோட்டார் வைத்து இறைத்தார்கள். ஒரு வாளியும் மூன்று கிரிக்கெட் பந்தும் கிடைத்தன. அதோடு வால்டர் திருடன் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து கோயிலில் பாக்கியவதி அம்மா உட்காரும் பெஞ்சில் அவர் பக்கத்தில் இரண்டு ஆள் இடம் காலியாகவே கிடக்கிறது. யாரும் எதுவும் சொல்வதில்லை. தள்ளி உட்கார்ந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான்.

மேடம் விரல் விட்டு எண்ணினார். "மூணு கயிறு பாத்திருக்காங்க. நாலாவது ஒண்ணு இருக்கணும்."

"அஞ்சாவது ஆறாவதுன்னு போச்சுன்னா?" என்றேன்.

"திங்கக்கிழமை அந்தப் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்த உள்ள இடிக்கிறாங்க பரமசிவம். நாலோட நிறுத்திக்குவோம்."

அன்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை முழுவதும் மேடம் அந்தக் கட்டடத்தின் சரித்திரத்தைத் தேடி, நில ரிஜிஸ்டர் ஆபீஸுக்கும் பழைய ஆட்களிடமும் அலைந்தார். ஞாயிறு காலை பாக்கியவதி அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போகும்போது ஸ்டாக் ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டு வந்தார்.

டன்ஸ்டன் என்கிற வெள்ளைக்காரர் பட்டாளத்துக்குக் குதிரையும் கொள்ளும் சப்ளை செய்து பணம் பார்த்தவர். ஊர் நினைப்பு தாங்காமல், அவருடைய நாட்டில் பெரிய மனுஷர்கள் கிராமத்தில் கட்டுகிற மாளிகையை அப்படியே இங்கே கட்டினார். 1894-ல். பெய்யாத பனி வழிந்து போக செங்குத்துக் கூரை. தேவைப்படாத குளிருக்கு நாலு கணப்பு அடுப்பு. ஏழு வருஷம்தான் இருந்தார். மனைவி பிள்ளை பெறும்போது இறந்ததும் பூட்டிவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். அப்புறம் ஆபீஸர்கள் ஓய்வெடுக்கும் இடமாயிற்று. இரண்டாவது யுத்தத்தில் ராணுவ ஆஸ்பத்திரி. சுதந்திரத்துக்குப் பிறகு காச நோய் ஆஸ்பத்திரி. 1974-ல் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் வேறு இடம் போனதும் கல்யாண மண்டபம். இப்போது விமான் நகரில் இருக்கும் ஒரு கம்பெனி வாங்கியிருக்கிறது. உள்ளே எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு, வரிசையாக மேஜை போட்டு, ராத்திரியெல்லாம் போனில் பேசப் போகிறார்களாம்.

"யார்கிட்ட பேசப் போறாங்க?"

"இங்கிலாந்துக்காரங்ககிட்ட."

எனக்கு டன்ஸ்டனை நினைத்துச் சிரிப்பு வந்தது. ஊர் ஞாபகத்தில் வீடு கட்டினான். நூறு வருஷம் கழித்து அவன் ஊர்க்காரர்களே இந்த வீட்டுக்கு போன் போட்டுப் பேசப் போகிறார்கள். அவன்தான் இல்லை.

வாசலில் கல்யாண மண்டபக்காரர்கள் வைத்த சிமென்ட் சிங்கம் இரண்டு இருந்தன. ஒன்றுக்கு மூக்கில்லை. உள்ளே ரோசா நிறச் சுவர்கள், கிழிந்த ஜரிகைத் தோரணம், மூலையில் ஒரு மணமேடையின் எலும்புக்கூடு. நாங்கள் மூன்று பேர் நடந்தால் முப்பது பேர் நடக்கிற சத்தம் வந்தது. எத்தனையோ பேர் இருந்துவிட்டுப் போன வீட்டில்தான் அப்படிக் கேட்கும். புது வீட்டில் கேட்காது.

கம்பெனியின் சைட் மேனேஜர் ஜெயந்த் இருபத்தைந்து வயசுக்காரன், கழுத்தில் அடையாள அட்டை. தமிழ்ப் பையன்தான், பிறந்து வளர்ந்தது எல்லாம் பிம்ப்ரியில். தமிழ் புரியும், பேசத்தான் தோடா தோடா, கொஞ்சம் கொஞ்சம் என்றான். ஒரு மணி வரைக்கும் பார்க்கலாம், அதற்கு மேல் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டான். அப்போது மணி பத்தரை.

மேடம் கிணறு, மணி, கொடிக்கம்பம் எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "சுவரைப் படிங்க."

புத்தகம் படிக்க நான் கற்றுக்கொண்டது முப்பத்தாறு வயசில். சுவர் படிக்கத் தெரிந்தது அதற்கு ரொம்ப முன்னால். பையிலிருந்து சுரண்டும் தகட்டை எடுத்து சாப்பாட்டு ஹாலின் ஒரு மூலையில் ரூபாய் அளவுக்குச் சுரண்டினேன். மேலே ரோசா பெயின்ட், அது கல்யாண மண்டபம். அதற்குக் கீழே நீல டிஸ்டெம்பர், பள்ளிக்கூடம். அதற்கும் கீழே ஆஸ்பத்திரிப் பச்சை, இரண்டு மூன்று கை. எல்லாவற்றுக்கும் அடியில் வெளிர்மஞ்சள் சுண்ணாம்பு, வழவழவென்று முட்டை வெள்ளைக்கரு போட்டு அரைத்தது. அது டன்ஸ்டன். நாலு குடித்தனமும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருந்தன.

சுவர் நெடுக அப்படியே நாலு நாலாகச் சுரண்டிக்கொண்டு போனேன். ஜெயந்த் பின்னாலேயே வந்து, "அங்கிள், நீங்க என்ன தேடுது?" என்றான்.

"தெரிஞ்சா தேட மாட்டனே தம்பி, எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்."

கணப்பு அடுப்புக்கு இடது பக்கம், இடுப்பு உயரத்தில், தகடு வேறு மாதிரி கிரீச்சிட்டது. ரோசா, நீலம், அதற்குக் கீழே நேராக சிமென்ட். பச்சை இல்லை. மஞ்சள் இல்லை. விரல் மடக்கித் தட்டினேன். சத்தம் உள்ளே பொந்து இருப்பது போலத் தொங்கிப் போயிற்று. தட்டித் தட்டி ஓரம் கட்டினேன். இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம்.

"இந்தத் துண்டு மட்டும் ரெண்டு குடித்தனத்துக்கு அப்புறம் பொறந்தது மேடம். முன்னால இங்க ஓட்டை இருந்திருக்கு. நீலம் அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால அடைச்சிருக்காங்க."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாக்கியவதி அம்மாவிடம் திரும்பி, நீலம் எப்போது அடித்தார்கள் என்று கேட்டார். அவர் யோசிக்கவே இல்லை. அவர் கணவர் போன அந்த லீவில்தான். அதுவரைக்கும் டிரஸ்டில் காசில்லாமல் ஆஸ்பத்திரிப் பச்சையிலேயே பள்ளிக்கூடம் நடந்ததாம்.

"வால்டர் பள்ளிக்கூடத்துல சேர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணார்?"

"இங்கனதான். காச ஆஸ்பத்திரில வார்டு பாய். மேல கெடக்கிற சீக்காளிகளுக்கு சாப்பாடு அனுப்புவாவ."

"கொண்டு போய் குடுப்பாரா?"

"மாடிக்குப் போனா சீக்கு ஒட்டிக்கிடும்னு யாரும் ஏற மாட்டாவளே. கீழ இருந்தேதான் அனுப்புவாவ."

மேடம் கிட்டே போய் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பழைய சமையலறை. வெள்ளைக்காரத் துரைக்கு வேலைக்காரன் மாடிப்படியில் தட்டோடு ஏறுவது கண்ணில் படக்கூடாது. அதற்காக அந்த மாதிரி வீடுகளில் சுவருக்குள்ளேயே ஒரு பெட்டி மேலும் கீழும் போகும். கீழே சாப்பாட்டை வைத்துக் கயிற்றை இழுத்தால் மேலே போய் நிற்கும். துரைக்கு வெட்கத்துக்காகக் கட்டியதை ஆஸ்பத்திரி பயத்துக்காக வைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்கு அது என்னவென்றே தெரியாது. சுவரில் ஒரு பொந்து, பிள்ளைகள் கை விடும், அடைத்துவிடு. அவ்வளவுதான்.

"நாலாவது கயிறு" என்றார்.

ஜெயந்த் உடைக்க விடவில்லை. பர்மிஷன் இல்லை, தனக்கு வேலை போய்விடும் என்று ஹிந்தியில் சொன்னான். நாளைக்கு எப்படியும் நீங்கள்தானே இடிக்கப் போகிறீர்கள், நாங்கள் ஒரு நாள் முன்னால் பிள்ளையார் சுழி போட்டு வைக்கிறோம், கூலி கூட வேண்டாம் என்றேன். அவன் பாக்கியவதி அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு அந்தத் துண்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

ஒற்றைச் செங்கல் சுவர். சுத்தியலால் பத்துப் போடு போட்டதும் வாய் திறந்தது. பின்னால் ஒரு மரக் கதவு, அதைத் தள்ளினால் இருட்டுக் குழி. தூசியும் எலிப் புழுக்கை நாற்றமும் வந்தன. ஓரத்தில் ஒரு கயிறு தொங்கியது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கயிற்றைப் பிடித்து இழுத்தேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது. மக்கிப் போன கயிறு மொத்தமும் என் காலடியில் பாம்பு மாதிரி சுருண்டு விழுந்தது.

"வால்டர் சொன்னது சரிதான்" என்றேன். "இழுத்தா வந்துருச்சு. கயிறு மட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கே அது நன்றாக இல்லை. பாக்கியவதி அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போகலாம் என்று எழுந்தார். பதின்மூன்று வருஷமாக இப்படிப் பழகிப்போனவர் மாதிரி எழுந்தார்.

மேடம் மட்டும் ஜெயந்தின் செல்போன் டார்ச்சை வாங்கிக் குழிக்குள் தலையை விட்டு மேலே அடித்துப் பார்த்தார். ஏழடிக்கு மேலே பலகை போட்டு மூடியிருக்கிறது என்றான் ஜெயந்த்.

"மூடின பலகைன்னா சுவரை ஒட்டி இருக்கும். இது நாலு பக்கமும் ஒரு இஞ்ச் விலகி நிக்குது. அந்தரத்துல." தலையை வெளியே எடுத்தார். முடியெல்லாம் ஒட்டடை. "அது பலகை இல்ல. பெட்டியோட அடிப்பாகம். யாரோ பாதி வழியில நிறுத்தி மேல கட்டி வச்சிருக்காங்க. கீழ வந்து திறந்து பாத்தா காலிக் குழி. மேல திறந்து பாத்தாலும் காலிக் குழி."

மாடிப்படியில் கல்யாணக்காரர்கள் விட்டுப் போன சிவப்புக் கம்பளம் ஒட்டிக்கிடந்தது. ஜெயந்த் முன்னால் போனான். பாதி ஏறியதும் கால் இடறிக் கைப்பிடியைப் பிடித்தான். அந்த ஒரு படி மட்டும் மற்றதைவிட இரண்டு விரற்கடை உயரமாம், தினமும் அதில்தான் இடிக்கிறேன் என்று திட்டினான். நான் சுத்தியலும் சட்டியுமாக அவன் பின்னால் ஏறினேன். மேடம் எனக்குப் பின்னால். பாக்கியவதி அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தார்.

மேலே, சரியாக அதே நேருக்கு, அதே அளவில், அடைத்த துண்டு இருந்தது. சுரண்டிப் பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை. கை தானாக அங்கே போயிற்று.

செங்கல்லை எடுக்க எடுக்க என் வேகம் குறைந்தது. கலவை கொஞ்சம் மண் தூக்கலாக இருந்தது. மூலைச் செங்கல்லைப் படுக்கப் போடாமல் குத்துக்கல்லாகச் செருகியிருந்தது. துண்டு மிச்சம் பிடிக்க அப்படிச் செருகுகிற பழக்கம் எல்லாக் கொத்தனுக்கும் கிடையாது. கடைசிச் செங்கல் விழுந்தபோது மரக் கதவு முழுதாகத் தெரிந்தது. அதன்மேல் கரும்பலகைக்கு அடிக்கிற கறுப்புப் பெயின்டில், பிரஷ்ஷால் எழுதிய எழுத்து. தமிழ் எழுத்து.

பாக்கியவதி அம்மா அப்போதுதான் மேலே வந்து சேர்ந்தார். எழுத்தைப் பார்த்ததும் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடி கொண்டு வரவில்லை. "வாசிங்க" என்றார் என்னிடம்.

எனக்கு இன்னமும் எழுத்துக் கூட்டித்தான் வரும். வாசித்தேன்.

"கொத்தனார் தம்பி, இதை மட்டும் அடைக்க வேண்டாம். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன். வால்டர்."

வாசித்து முடித்த பிறகுதான் வாசித்தது என்ன என்று எனக்குப் புரிந்தது.

அப்போதெல்லாம் கசார்வாடி நாக்கா முக்கில் காலையில் கூலி வேலைக்கு நிற்போம். லாரி வரும், ஏற்றிப் போவார்கள், எங்கேயோ இறக்குவார்கள். எந்த ஊர், யார் வீடு என்று கேட்டதில்லை. புனேக்கு வந்த முதல் வருஷம். ஒன்பது நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. முன்னால் தகரக் கொட்டகை, பெரிய புளியமரம். சிங்கமெல்லாம் கிடையாது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நான் தமிழில் முனகுவதைக் கேட்டுவிட்டு ஓடி வந்து ஊர் விசாரித்தார். பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். தம்பி தம்பி என்றார். கீழ்ப் பொந்தை வெள்ளிக்கிழமை அடைத்தேன். சனிக்கிழமை ஃபீஸ் வசூல் என்று எங்களுக்கு லீவு விட்டார்கள். மேல் பொந்தை ஞாயிற்றுக்கிழமை அடைக்கப் போனபோது கதவில் ஏதோ கறுப்பாகக் கிறுக்கியிருந்தது. பிள்ளைகள் கிறுக்கியது என்று நினைத்துக்கொண்டு செங்கல்லை அடுக்கினேன்.

மேடம் கதவைத் திறந்து, இரும்புக் கொக்கியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். இந்தப் பக்கத்துக் கயிறு மக்கவில்லை. ஜெயந்தும் நானும் சேர்ந்து இழுத்தோம். மேலே கப்பி கத்தியது. ஒரு மரப் பெட்டி அசைந்து அசைந்து வந்து நின்றது. உள்ளே ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள் ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிய நோட்டுக் கட்டுகள், ஃபீஸ் ரசீதுப் புத்தகம், வகுப்பு வாரியாக எழுதிய ஒரு தாள். அதன் அடியில் மொத்தம் போட்டிருந்தது. 18,640.

ஜெயந்த் சந்தோஷத்தில் மராத்தியில் என்னவோ சொன்னான். பாக்கியவதி அம்மா பணத்தைத் தொடவில்லை. கதவிலிருந்த எழுத்தின் மேல் விரலை வைத்து, தெரியாத எழுத்தைப் படிப்பவர் மாதிரி மெதுவாக இழுத்துக்கொண்டு போனார்.

"ஏன் தமிழ்ல எழுதினாவ?" என்றார். "இங்க யாருக்குத் தமிழ் தெரியும்?"

"அதனாலதான்" என்றார் மேடம். "ஹிந்தியிலயோ மராத்தியிலயோ எழுதினா கான்ட்ராக்டர்லேந்து எல்லாரும் படிப்பாங்க. உள்ள என்னமோ இருக்குன்னு தெரிஞ்சிடும். இங்க தமிழ் பேசினது ஒரே ஒரு ஆள்தான். பேசறவனுக்குப் படிக்கவும் தெரியும்னு நினைச்சிட்டார்."

சொல்லிவிட்டு மேடம் என்னைப் பார்க்காமல் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார். பேசாமல் இருந்தால் அப்படியே போய்விடும். ஒன்பது நாள் கூலிக்காரன் யார் என்று எந்த லெட்ஜரிலும் இருக்காது.

"அடைச்சது நான்தாம்மா" என்றேன். "எனக்கு அப்ப எழுத்து தெரியாது."

கீழே எங்கேயோ ஜெயந்தின் ஆட்கள் வண்டியிலிருந்து இரும்பு இறக்கும் சத்தம் கேட்டது. பாக்கியவதி அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவிய உங்களுக்கு டீ தந்தாவளா?" என்றார் கடைசியில்.

"தந்தாரும்மா. பிளாஸ்க் மூடியில."

"ஒரு தமிழ்ப் பையன் வேலைக்கு வந்திருக்கான்னு வீட்ல வந்து சொன்னாவ. ஒரு நாளைக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வாரேன்னாவ." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்க அன்னைக்கு வாசிச்சிருந்தா இந்தப் பதிமூணு வருஷம் எனக்கு இல்ல. பரவால்லன்னு சொல்ல மனசு வரல. ஆனா உங்ககிட்டருந்து வாங்கித் தீக்கற மாதிரிக் கடனும் இது இல்ல."

நான் குனிந்து, விழுந்த செங்கற்களை ஓரமாக அடுக்கினேன்.

ஜெயந்தின் போனில் மேடம் டிரஸ்ட் பொருளாளரைக் கூப்பிட்டார். முக்கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்தார், நல்ல வெயில். இரண்டு தடவை எண்ணினார். ரசீது அடிக்கட்டைகளோடு ஒத்துப் பார்த்தார். ஒரு ரூபாய் பிசகவில்லை. மூவாயிரத்து நாற்பதை ரத்து செய்து, பிடித்த பதினைந்தாயிரத்து அறுநூறை கிராஜுவிட்டியோடு முப்பத்தொன்றாம் தேதி திருப்பித் தருவதாக மேடம் சொல்லச் சொல்ல எழுதினார். நாங்கள் விதிப்படிதான் செய்தோம் என்று மட்டும் சொன்னார். வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கையெழுத்துப் போடும் முன் பாக்கியவதி அம்மா தடுத்தார். ஒரு வரி சேர்த்து எழுத வேண்டும் என்று ஹிந்தியில் சொன்னார். வால்டர் திருடவில்லை. அவ்வளவுதான். கமிட்டியைக் கேட்காமல் அப்படி எழுத முடியாது என்று பொருளாளர் இழுத்தார். ஜெயந்த்தான் கதவில் சாய்ந்துகொண்டு, கையைக் கட்டியபடி, "லிக் தோ அங்கிள்" என்றான், எழுதிக் கொடுங்கள் என்று. எழுதினார்.

மணி ஒன்று ஆகப்போனது. பாக்கியவதி அம்மா கேட்டது ஒன்றுதான். அந்தக் கதவு. நாளைக்கு எப்படியும் குப்பைக்குப் போகப்போகிறது, கொண்டு போங்கள் ஆன்ட்டி என்றான் ஜெயந்த். நான் கீலைக் கழற்றினேன். நூற்றிப்பத்து வருஷத்துத் தேக்கு, கனத்தது.

படியில் இறங்கும்போது மேடம் என் பக்கத்தில் வந்தார். உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"மேல ஏறும்போதே. கம்பளத்துக்குக் கீழ ஒரு படி உயரமா இருக்குன்னு அந்தப் பையனுக்கே தினம் மறந்துபோகுது. நீங்க பாக்காமலே காலைத் தூக்கி வச்சீங்க."

ஒன்பது நாள், ஒரு நாளைக்கு அறுபது நடை, தலையில் செங்கல். எனக்கு மறந்துவிட்டது. காலுக்கு மறக்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன் என்னையே உடைக்க விட்டீங்க?"

"கணக்க ஆரம்பிச்சவன்தான் முடிச்சுக் கையெழுத்துப் போடணும்." ஸ்டேஷன் பக்கம் போகும் ஆட்டோவில் அவர் முன்னால் ஏறிக்கொண்டார். கதவோடு போய் வீட்டில் மாட்டிக் கொடுத்துவிட்டு நாளைக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஃபீஸ் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த ஷேர் ஆட்டோ வந்தது. பின் சீட்டில் பாக்கியவதி அம்மா ஜன்னலோரம். நான் இந்த ஓரம். கதவை இரண்டு பேருக்கும் நடுவில், எழுத்து அவர் பக்கம் தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்தேன். ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்து, சாமான் ஒரு சீட்டை அடைக்கிறது, அதற்கும் காசு வேண்டும் என்றான். நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். அந்த அம்மா என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

நான் சட்டைப் பையில் கை விட்டேன். அதையும் வேண்டாம் என்று தலையசைத்தார். சுருக்குப் பையை அவிழ்த்துச் சில்லறையை எண்ணி முன்னால் நீட்டினார். இத்தனை வருஷமாக அந்த ரோட்டில் ஒரு ஆளுக்கு மட்டுமே காசு கொடுத்துப் பழகியவர்.

"தீன் ஜண" என்றார் ஆட்டோக்காரனிடம். மூன்று பேர்.